கருவேலும் அதன் பெயரும்

பல்லுக்கு உறுதி தரும் என்று ஆலோடு சேர்த்து வேலையும் புகழும் பழமொழியை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. ஆனால் அந்த ‘வேல்’ எது என்று ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்திக் கேட்டால், படித்தவர்களிலும் பலர் சீமைக் கருவேலைச் சுட்டிக் காட்டிவிடுவார்கள். அந்த அபவாதத்தைத்தான் நமது நாட்டுக் கருவேல் இன்று சுமந்துகொண்டு நிற்கிறது.

எங்கள் சிவகங்கைச் சீமையில் கருவேல் இல்லாமல் குடியானவர் வீடு நடந்ததில்லை. தேக்கைவிடக் கனமும் கடினமும் உள்ள அதன் வைரத்தில்தான் கலப்பையும், வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் செய்தார்கள். வெட்டிய மரத்தை உடனே இழைக்கமாட்டார்கள். சில மாதம் தண்ணீரில் ஊறப்போட்டு, இனிப் பூச்சி அரிக்காது என்று நிச்சயமான பிறகே தச்சர் உளியை எடுப்பார். பட்டை தோல் பதனிடுகிறவர்களுக்கு, பிசின் மருந்துக்கும் மை கூட்டுவதற்கும், கொழுந்தும் காயும் ஆடுகளுக்கு, எஞ்சியது அடுப்புக்கு. கண்மாய் பெருகி அடிமரம் நீரில் மூழ்கி நின்றாலும் அது சாவதில்லை. ஆகையால் ராமநாதபுரம் ஜில்லாவில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு வரும் நாரைகளும் கொக்குகளும் அதன் கிளைகளில் தைரியமாகக் குஞ்சு பொரிக்கின்றன. முள் நமக்குத்தான் உபத்திரவம். பறவைக்கு அது காவற்காரன்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளைக்காரர் ஆட்சியில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த சீமைக் கருவேல் முற்றும் வேறு ஜாதி. 2017-ல் அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட சமயம், எங்கள் கண்மாயிலும் இயந்திரம் வந்து இறங்கியது. இரண்டே நாளில் சீமைக் கருவேலோடு மூன்று நாட்டுக் கருவேல்களும் சாய்ந்தன. நான்காவதன் அடியில் ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி போய் உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரி அப்பத்தா, எல்லாம் கருவ மரந்தான்” என்றார் மேஸ்திரி.

“ஏப்பா, பூவைப் பார்த்தியா? காயைப் பார்த்தியா?” என்றாள் அவள்.

தாவர சாஸ்திரம் அவ்வளவுதான். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, லேசான வாசனை உண்டு. காய் ஜபமாலையைப்போல் விதைக்கு விதை இறுகியிருக்கும். பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். சீமையானுக்கோ பூ பூனை வாலைப்போல் நீண்ட கதிர். காய் அப்படி மணி மணியாக இராமல் தட்டையாய், பழுத்தால் வைக்கோல் நிறமாகும். மேஸ்திரி நல்ல மனிதர். அண்ணாந்து பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பச் சொன்னார்.

பெயர்க் குழப்பம் எங்கள் கிராமத்தோடு நிற்கவில்லை. ‘அகேசியா’ என்ற சாஸ்திரப் பெயரே ஆதியில் கருவேலை முன்மாதிரியாகக் கொண்டதுதான். 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மகாநாடு அப்பெயரை ஆஸ்திரேலியாவின் ‘வாட்டில்’ மரங்களுக்கு உரிமையாக்கிற்று. 2011-ல் மெல்போர்ன் மகாநாடு அதை ஊர்ஜிதம் செய்தது. நமது மரம் இப்போது ‘வாச்செல்லியா’வாம்! அந்த வாட்டில்தான் நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகை என்ற பெயரில் புல்வெளிகளை மூடியது. அதற்குப் பதிலுக்குப் பதில் போலும், 1890-களில் நிழலுக்காகக் குவின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோன நமது கருவேல், அங்கே மேய்ச்சல் நிலங்களில் பரவிப் பொல்லாத களை என்று பெயரெடுத்திருக்கிறது. அவர்கள் அதை வேரறுப்பதில் குறை சொல்ல இடமில்லை. நாமும் இங்கே வேரறுப்பதுதான் வேடிக்கை.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விதையின் தோல் கல்லைப் போன்றது. கொதித்த நீரை ஊற்றி, ஆறியபின் ஒரு நாள் ஊறவிட்டு விதைக்கவேண்டும். ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதையானால் அதுவும் வேண்டாம். ஆட்டின் வயிறே அந்தக் காரியத்தை முடித்து வைத்திருக்கும். வெயில் நன்றாகப் படவேண்டும். உரம் கேட்காது; வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் கொடுக்கும். முதல் இரண்டு வருஷம் மட்டும் ஆடு எட்டாதபடி வேலி கட்டவேண்டும். முள் மரத்துக்கு முள் வேலியா என்று என் மனைவி சிரித்தாள்.

அந்தக் கிழவி கொடுத்த விதையிலிருந்து புஞ்சை ஓரத்தில் நான் வைத்தவை ஐந்து, நான்கு பிழைத்தன. இந்தக் கோடையில் காய் உதிர்ந்தபோது, அடுத்த வீட்டார் விதை கேட்டார்களே என்று பொறுக்கப் போனேன். அவளுடைய ஆடுகள் முந்திக்கொண்டுவிட்டன.