வல்லநாட்டு மலையும் நம் குர்பானி ஆடும்

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்க்கு, ஒன்றைக் காத்து வைப்பது என்றால் என்ன என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிப்பி விளையும் பார்களை முன்னதாகவே சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே சலாபம் திறப்பதும், இளஞ்சிப்பியாயின் கடலை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவதும் இக்கரையின் பழைய வழக்கம். 1955 முதல் 1961 வரை நடந்தவையே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புகள். இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. மீனினம் பெருகட்டும் என்று கடல் மூடப்படுகிறது. அந்நாள்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. கடலை மூடலாம்; ஆயின் மூடுகிறவர் அக்கடலால் வாழ்கிறவனுக்கு ஒரு வழியும் சொல்ல வேண்டும் என்னும் நீதி இதில் அடங்கியிருக்கிறது. இந்நீதி நிலத்துக்கும் உண்டா என்பதே சில மாதங்களாக நம்மை வருத்தி வரும் வினா.

தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வல்லநாட்டு மலையைக் காணாதவர் இரார். உடைமரமும் முட்புதரும் செறிந்த அம்மலையும் அதன் அடிவாரமும் 1987ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயம் ஆக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர். தொல்காப்பிய மரபியல் கூறும் 'புல்வாய்' இந்த வெளிமானே என்று அறிஞர் கருதுவர். முறுக்கிய கொம்பும், கருத்த முதுகும், வெண்மையான வயிறும் கொண்ட கலையைக் கண்டவர், படைத்தவனைப் புகழாமல் அவ்விடம் விட்டு அகலமாட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது.

இம்மான் அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. திறந்த வெளியும் குறும்புல்லும் அதற்கு வேண்டும். கண்ணால் தொலைவில் பகையைக் கண்டு, காலால் ஓடிப் பிழைப்பது அதன் இயல்பு. கோடையில் புல் கருகும்போது, ஆடு மேயும் இடமும் மான் மேயும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. மந்தையுடன் செல்லும் நாய்கள், புல்லில் பதுங்கிக் கிடக்கும் குட்டிகளைப் பிடித்துவிடும். கால்நடை நோய்கள் மானுக்கும் தொற்றக்கூடும். சீமைக்கருவேலத்தின் நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் அதன் விதையைப் போகும் இடமெல்லாம் பரப்புகின்றன. அம்மரம் பெருகப் பெருகப் புல்வெளி மறைந்து முட்காடாகிறது. மேய்ச்சலால் மானுக்கு வரும் கேடு இவ்வளவும் உண்மை.

அம்மலைக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில், எழுபதை நெருங்கிய ஆட்டுக்காரர் ஒருவரை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே இரண்டு கிடாக்குட்டிகளை வாங்கி, மேய்ப்புக்கூலி பேசி, அவர் மந்தையிலேயே விட்டுவருவது நம் வழக்கம். சென்ற கோடையில் அவரைக் காணச் சென்றபோது மனிதர் முகம் வாடியிருந்தார். சரணாலய எல்லைக்குள் ஆட்டை விட்டதற்காகக் காவலர் இருமுறை எச்சரித்துவிட்டனராம்.

நாம் ஆசிரியர் அல்லவா? பழக்கம் விடவில்லை. "அண்ணாச்சி, அந்த மானும் அல்லாஹ்வின் படைப்புதானே? அதற்கு உள்ளதை நாம் பறிக்கலாமா?" என்று உபதேசம் தொடங்கினோம்.

அவர் சினக்கவில்லை. "பாய், மந்தையில தொண்ணூறு உருப்படி நிக்கி. அதுல எனக்குச் சொந்தம் பதினாலு. மத்ததெல்லாம் டவுன்காரங்க ஆடு. உங்க ரெண்டும் அதுலதான் சேர்த்தி. என் பதினாலுக்கு ஊர்ப் பொறம்போக்கே போதும். தொண்ணூறை எங்க கொண்டு மேய்க்க?" என்றார். சற்றுப் பொறுத்து, "கடலை மூடுனா துட்டு தாராங்க. மலையை மூடுனா எங்களுக்கு என்ன தாராங்க?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. திரும்பும் வழியெல்லாம் அந்தத் தொண்ணூறும் பதினாலும் நெஞ்சில் நின்றன.

அரபியில் 'ஹிமா' என்றொரு சொல் உண்டு. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்பது பொருள். அறியாமைக் காலத்தில் வலிமை வாய்ந்த தலைவன் ஒரு மேட்டில் நாயைக் குரைக்கச் செய்து, அவ்வொலி எட்டும் தொலைவு வரையில் தனக்கே உரிய ஹிமா என்பான். பிறர் நிலத்திலும் அவன் மந்தை மேயும், அவன் நிலத்தில் பிறர் மந்தை புகலாகாது. குலைபு என்னும் தலைவன் தன் ஹிமாவில் மேய்ந்த அயலாரின் பெண் ஒட்டகத்தை அம்பெய்தான். அதனால் அவனே கொலையுண்டான். பஸூஸ் போர் என்று அரபு இலக்கியம் பேசும் நாற்பதாண்டுப் பகை அங்கே தொடங்கியது. புல்லுக்காக மனிதன் மனிதனைக் கொன்ற கதை அது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தின் வேரையே மாற்றினார்கள். தனி மனிதனுக்கென ஹிமா இல்லை. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியதாக, அதாவது பொதுநலத்துக்கென மட்டுமே நிலத்தை மூடலாம் என்று வரையறுத்தார்கள். மதீனாவை அடுத்த நகீஉ என்னும் இடம் அவ்வாறு காக்கப்பட்டது. பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவைக் காத்தபோது, ஹுனைய் என்னும் பணியாளரை அதன் காவலுக்கு வைத்துச் சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் உடையவனை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வர்களின் மந்தை குறித்து எச்சரிக்கையாய் இருக்குமாறும் கலீபா கட்டளையிட்டார்கள். செல்வரின் மந்தை அழிந்தாலும் அவர்க்குப் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து வாசலில் நிற்பான், அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பது அதன் கருத்து. அவ்விருவரும் ஸஹாபாக்களில் சிறந்தவர்கள் என்பதை நோக்குக. அவர்கள் தீயவர்கள் என்பதற்காகத் தடுக்கப்படவில்லை. அவர்களுக்கு வேறு வழி உண்டு என்பதற்காகவே தடுக்கப்பட்டார்கள்.

எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்க்கு நாம் இந்த அறிவிப்பைப் பாடம் சொல்லியிருக்கிறோம். கலீபாவின் நீதிக்குச் சான்றாகவே சொன்னோம். அதில் நம் ஆடு எந்த மந்தையில் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வல்லநாட்டு அடிவாரத்தில் அந்த ஆட்டுக்காரர் கேட்டுவிட்டார். மாதச் சம்பளமும் சொந்த வீடும் உடைய நாம், நமக்கு வேறு வழி இருந்தும், நம் இரண்டு கிடாக்களை மானின் புல்லில் மேயவிட்டு, அதற்கான பழியை அவர் தலையில் ஏற்றியிருந்தோம்.

தமிழில் 'மாடு' என்றால் செல்வம் என்றும் பொருள். அரபியில் செல்வத்தைக் குறிக்கும் 'மால்' என்னும் சொல், பாலைவாசிகளிடம் பெரும்பாலும் ஒட்டகத்தையே குறித்தது. மேய்ப்பவனுக்கு 'ராஈ' என்றும், அவன் பொறுப்பில் உள்ளோர்க்கு 'ரஇய்யத்' என்றும் பெயர். அந்த ரஇய்யத்தே நம் நாட்டில் 'ரயத்து' ஆகி, ரயத்துவாரியில் நின்றுவிட்டது. ஆளுவதும் காப்பதும் மேய்ப்பதும் ஒரே பொறுப்பு என்று அம்மொழி கருதியது போலும்.

காப்பவர்களும் தவறக்கூடும் என்பதற்கு இராஜஸ்தானத்துப் பரத்பூர் சான்று. கேவலாதேவ் பறவைகள் புகலிடம் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 1982ஆம் ஆண்டு அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். மேய்ச்சலை நிறுத்தவேண்டும் என்பதே பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களின் கருத்தாகவும் இருந்தது. ஆனால் அவர் வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமே பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருமைகள் இல்லாமற் போனதால் புல் மிகுந்து நீர்நிலையை அடைத்துப் பறவைகளுக்குத் தீங்காயிற்று என்று கண்டறிந்தது. தம் தரப்புக்கு மாறான உண்மையைத் தாமே வெளியிட்ட அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். இதனால் வல்லநாட்டில் ஆட்டை அவிழ்த்துவிடலாம் என்பது பொருளன்று. அது நீர்நிலை, இது வறண்ட முட்காடு. அந்தந்த நிலத்தை அளந்தறியாமல் திறப்பதும் பிழை, மூடுவதும் பிழை என்பதே நாம் கொள்ளும் பாடம்.

நம் மாநிலத்திலும் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. சில நாள்களில், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என அத்தடையைச் சுருக்கியது. மரபுவழி மேய்ப்போரின் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நமக்குத் தோன்றுவது இது: மலை மானுக்கே இருக்கட்டும். மலைக்கு வெளியே மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் உள்ள நிலத்தில் சீமைக்கருவேலத்தை அகற்றி, அதைச் சிறு மந்தைக்காரனுக்கு ஹிமாவாகக் காக்கட்டும். நகரத்தாரின் ஆடு நகரத்தாரின் தீவனத்தைத் தின்னட்டும்.

மூன்றாவது நம் கையில் இருந்தது. ஆடுகளைத் திருப்பி அழைத்துக்கொண்டால் ஆட்டுக்காரரின் கூலி போய்விடும். விட்டுவைத்தால் மானின் புல் போய்விடும். எனவே அவரிடம் ஆடு விட்டிருந்த நம் ஊரார் ஒன்பது பேரிடமும் சென்று பேசினோம்: கூலியைக் குறைக்க வேண்டாம், கோடை முழுவதும் அவரவர் ஆட்டுக்குச் சோளத்தட்டையை அவரவரே வாங்கி அனுப்புவோம், ஆடுகள் பட்டியிலேயே நிற்கட்டும். "குர்பானிக்கு ஆகும் செலவு போதாதா, ஹஜ்ரத்?" என்று சிலர் சலித்துக்கொண்டனர். ஐவர் இசைந்தனர். நால்வர் இன்னும் இசையவில்லை.

குர்பானியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, உள்ளத்தின் இறையச்சமே சென்றடைகிறது என்பது நாம் அறிந்த மறைப்போதனை. பிறர் பங்கைத் தின்று கொழுத்த கிடாவை அறுக்கும்போது அந்த அச்சம் எங்கே இருக்கும்? முதல் வண்டித் தட்டை போய்ச் சேர்ந்த அன்று ஆட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சொன்ன செய்தி ஒன்றே: "பாயிட்ட சொல்லு, பாதி மந்தை பட்டியில நிக்கி. மிச்சப் பாதிக்கும் ஆளைப் பாக்கச் சொல்லு." அந்த நால்வரையும் நாம் மீண்டும் காணச் செல்லவிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ்.