விடாப்பிடி

எங்கள் வளவிலிருந்து கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. கல்லடியில் குடியிருக்கிற இரும்புக்கு இரண்டு பக்கமும் எமன். வாடைக் காற்றோடு உப்பு வந்து படியும். வாங்கும்போது ஆறு மூலையோடு இருந்த நட்டு, நாலைந்து மாரி கண்டதும் உருண்டையாகிவிடும். ஸ்பனர் போட்டால் வழுக்கும்.

அப்போதுதான் ஆட்களுக்கு வைஸ்கிறிப் என்கிற பூட்டுக் குறடு ஞாபகம் வரும். நல்ல நட்டிலேயே அதைக் கவ்வவிட்டு மூலையைத் தின்னக் கொடுக்கிறவர்களும் உண்டு. பழைய பாஸ்மார் அந்தக் குறட்டைக் கண்டாலே ஏசுவது அதனால்தான். ஏச்சு குறட்டுக்கு உரியதல்ல என்பது என் கட்சி. அதை முரட்டுப் பலத்துக்காக எடுப்பதே பிழை. பிடித்ததைப் பிடித்தபடி வைத்துக்கொண்டு நம் கையை விடுவித்துத் தருகிறதே, அதற்காக எடுக்க வேண்டும்.

போன மாரி முடிந்த கையோடு கிணற்றடித் தண்ணி மோட்டரைக் கழற்ற வேண்டி வந்தது. இரும்புச் சட்டத்தில் நாலு போல்ட். இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறி மூன்று மசிந்துவிட்டன. நாலாவதில் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து கிறுகியது. அதன் தலையோ சட்டத்துக்குக் கீழே. குப்புறப் படுத்து ஒரு கையால் ஸ்பனரைத் தலையில் மாட்டி, மறுகையால் மேலே திருப்பினேன். ஸ்பனர் கழன்று மண்ணில் விழுந்தது. மூன்று தரம் விழுந்தது. மறுகா வைஸ்கிறிப்பை எடுத்துத் தலையைக் கவ்வவிட்டு, அதன் பிடி சட்டத்தின் காலில் முட்டி நிற்கும்படி வைத்தேன். இனி போல்ட் கிறுக வழியில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். கிறீச்சென்று துரு உடைந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலை செய்கிறேனோ என்று சிலவேளை தோன்றும்.

குறடு இப்படிப் பிடித்தபடி நிற்கிற சூட்சுமம் பெரிதல்ல. நின்றபடி முழங்காலை நேராக்கிச் சற்றுப் பின்னே தள்ளினால் மூட்டு பூட்டிக்கொள்ளும்; தசை தாங்காமலே கால் நிற்கும். பிடிக்குள்ளே இருக்கிற சின்னத் தண்டும் அப்படித்தான். அழுத்த அழுத்த நேர்கோட்டுக்கு வந்து, ஒரு மயிரிழை தாண்டியதும் பூட்டிக்கொள்கிறது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போய் நெப்ராஸ்காவில் பட்டறை வைத்திருந்த வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர், இந்தப் பூட்டுக்கு 1924இல் காப்புரிமை வாங்கினார். எங்கள் கல்லடிப் பழைய பாலம் திறந்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாலத்தைக் கடக்கும்போது எனக்கு மட்டும் ஞாபகம் வரும்.

வித்தை எல்லாம் பின்பக்கத் திருகில் இருக்கிறது. பொருளை அலகுகள் தொடும்வரை திருகை வைத்து, பிடியைத் திறந்து, இன்னும் அரைச் சுற்று உள்ளே விட்டு அழுத்துவேன். ஒரு கையால் அமுங்கி ‘டக்’ என்றால் சரி. இரண்டு கையும் கேட்டால் கூடிப்போயிற்று. புதுக் குழாயின் வெள்ளிப் பூச்சில் பல் பதித்து, வீட்டில் வாங்கிக் கட்டிய பிறகு, பழைய சைக்கிள் டியூப் துண்டொன்றும் பெட்டியில் கிடக்கிறது. பளபளப்பான எதையும் அதைச் சுற்றித்தான் கவ்வவிடுவேன். கழற்றும்போது விரலை இரண்டு பிடிக்கும் நடுவில் வைக்கக் கூடாது. என் உள்ளங்கையில் ஒருமுறை இரத்தம் கட்டிக் கறுத்தது.

பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். “மாமா, பிறேக் பிடிக்குதில்ல.” கம்பியை இழுத்துப் பிடித்தால் நட்டை இறுக்கக் கை போதாது, நட்டுக்குக் கை போனால் கம்பி தளரும். கம்பியை இழுத்து, வெளியே நீட்டிய நுனியை நட்டை ஒட்டிக் கவ்வவிட்டால் அது தளராது. நட்டை அவனே இறுக்குவான்.

வேலை முடிந்ததும் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அலகைத் திறந்தபடி மாட்டி வைப்பேன். பூட்டியபடி கிடந்தால் சுருள்கம்பி இழுபட்டே கிடந்து சோர்ந்துபோகும். சொல்வது நான்தான். ஆனால் கிணற்றடி வால்வின் கைபிடி துருவேறி முறிந்து ஆறு மாதமாகிறது. அந்த முளையைப் பூட்டியபடி கவ்விக்கொண்டு நிற்பது என் நல்ல வைஸ்கிறிப். கழற்றப் போனால், “தண்ணி நிறைஞ்ச மறுகா எடுங்க” என்கிறாள் மனைவி. தொட்டி ஒருநாளும் நிறைவதில்லை.