குறுமுனியின் தேர்

பள்ளியில் தமிழ் கற்பித்த நாளில் மாணவர் எனக்கு இட்ட பெயர் 'குறுமுனி' என்பது. அஃது அகத்தியருக்குரிய பெயராதலின் யான் அதனைப் பெருமையாகவே கொண்டேன். என் உயரம் 150 சென்டிமீட்டர். கரும்பலகையின் மேல்வரியை எட்டுதற்கு ஒரு முக்காலி வேண்டியிருந்ததன்றி, இக்குறுமையால் என் தொழிலுக்கு ஒருநாளும் இடையூறு நேர்ந்ததில்லை.

இடையூறு ஓய்வுக்குப் பின்னரே வந்தது. என் மனைவியை முழங்கால் நோய் வருத்தியது. சுவாமிமலையிலிருந்து கும்பகோணத்து மருத்துவரிடம் வாரந்தோறும் செல்ல வேண்டும். பேருந்தின் படி அவளுக்கு மலையாயிற்று. ஆட்டோவின் குலுக்கலோ நோயை மிகுவித்தது. எனவே பிறர் ஓட்டிய கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அறுபத்திரண்டாம் வயதில் யானே ஓட்டக் கற்றேன்.

கற்பித்த இளைஞர் நெடியவர். "இருக்கையை நன்றாக முன்னே இழுத்துக்கொள்ளுங்கள், ஐயா!" என்றார். இழுத்தேன். கால் கிளச்சை எட்டியது. மார்போ ஸ்டியரிங் சக்கரத்தை நெருங்கிற்று. கண்கள் சக்கர வளையத்தின் ஊடே சாலையைத் தேடின. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு தலையணை கொணர்ந்து அடியில் இட்டு அமர்ந்தேன். சாலை தெரிந்தது. என் அறிவை யானே மெச்சிக்கொண்டேன்!

ஒருநாள் மாலை, கன்றுக்குட்டி ஒன்று சாலையின் குறுக்கே பாய்ந்தது. அதன் கயிற்றைப் பற்றியவாறு ஒரு சிறுமியும் ஓடிவந்தாள். பிரேக்கை அழுத்தினேன். அந்நொடியே தலையணை வழுக்கியது. அதனோடு யானும் முன்னே சரிந்தேன். கால் பிரேக்கினின்று நழுவிற்று. மீண்டும் தடுமாறி மிதித்து வண்டியை நிறுத்தியபோது, சிறுமிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் வெளிதான் இருந்தது. அவள் அழவில்லை. என் கைகள்தாம் நடுங்கின. வீடு சேர்ந்ததும் மனைவி தலையணையை எடுத்து உள்ளே வைத்தாள். "குலுங்கினாலும் இனி ஆட்டோவே போதும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கும்பகோணத்தில் பழைய மாணவன் ஒருவன் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். புணர்ச்சி விதிகளில் ஒன்றும் அவனுக்கு வந்ததில்லை. அதற்காக அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். அவன் என்னை வண்டியில் அமர்த்தி, ஓர் அளவுகோலை என் நெஞ்செலும்புக்கும் சக்கரத்தின் நடுவிடத்திற்கும் இடையே பிடித்தான். "ஐயா, இங்கே 25 சென்டிமீட்டராவது வேண்டும், உங்களுக்குப் 15 கூட இல்லை" என்றான்.

சக்கரத்தின் நடுவே ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை மடிந்திருக்கிறது. மோதலின்போது அஃது இமைப்பொழுதினும் விரைவாக விரியும். விரியத் தொடங்கும் இடத்தில் அதன் விசை மிகப் பெரிது. நெருங்கி அமர்ந்தவரை, காக்க வந்த பையே தாக்கிவிடும். அமெரிக்காவில் 1990களில் குள்ளமான ஓட்டுநர் சிலர் சிறு மோதல்களிலும் இவ்வாறு உயிரிழந்தனர். அதனால் 1997இல் விசை குறைந்த பைகளை அமைக்க அந்நாட்டரசு இடமளித்தது.

பின்னர் அவன் இருக்கையின் பக்கத்தே இருந்த ஒரு பிடியை மேலும் கீழும் அசைத்தான். இருக்கை என்னைச் சுமந்துகொண்டு உயர்ந்தது! அப்படி ஒரு பிடி அங்கிருப்பதையே யான் அறியேன். உயர்ந்தபின் இருக்கையைப் பின்னே தள்ளினான். கிளச்சை முழுதும் மிதித்தபோதும் முழங்கால் சற்றே வளைந்திருக்கும் அளவில் நிறுத்தி, முதுகுச்சாய்வையும் சிறிது பின்சாய்த்தான். சக்கரத்தை என் முகத்தை நோக்காது மார்பை நோக்குமாறு தாழ்த்தினான். கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த சீட் பெல்ட்டின் மேல்முனையை இறக்கினான். அது காறையெலும்பின் நடுவே படிந்தது. கீழ்வார் வயிற்றின்மேலன்றி இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டுமாம். தளர்ந்த தலையணைமேல் அமர்ந்தால் உடல் அவ்வாரின் அடியே வழுக்கிச் செல்லும். வார் வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். அளவுகோல் இப்போது 26 காட்டியது.

மோதற் சோதனையில் நெடுங்காலம் முதன்மையாக வைக்கப்பட்ட பொம்மை, ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடவனின் உருவம் என்றும் அவன் சொன்னான். சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மையைச் சுவீடன் நாட்டார் 2022இல்தான் காட்டினர். செருப்புத் தைப்பவர்கூடக் காலை அளந்தன்றோ தோலை வெட்டுகிறார்? இத்துணைப் பெரிய ஆலைகளுக்கு அது தோன்றவில்லையே என்று சினம் கொண்டேன். பக்கத்துப் பிடியைப் பாராத என்மேலும் அச்சினத்தில் ஒரு பங்கு இருந்தது.

அடுத்த வாரம் மனைவியை அழைத்தேன். இருக்கையில் தலையணை இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்த பின்னரே ஏறினாள். அதே திருப்பத்தில் வண்டியை மெல்லச் செலுத்தினேன். கயிற்றைக் கையில் சுற்றியவாறு அச்சிறுமி ஓரத்தில் நின்றிருந்தாள். சக்கரத்திற்கு மேலாக நோக்கிய எனக்கு அவள் நெற்றிப்பொட்டும் தெரிந்தது.