கோபுரமும் கோவா வாணலியும்: பங்குனி மாதத்து ஒரு நாள்

அயர்லாந்துக்குச் செல்லும் பயணியின் ஒரு நாள் பெரும்பாலும் மூன்று பகுதிகளாக அமைகிறது: பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் காண்பது, விஸ்கி வடிக்கும் ஆலைக்குள் சென்று அது உருவாகும் விதத்தைக் கேட்டறிந்து சுவைப்பது, அந்தியில் 'பப்' எனப்படும் மதுமனையில் உள்ளூர் மக்களோடு அமர்ந்து பேசுவது. காட்சி, சுவை, கூடுகை ஆகிய மூன்றாலும் ஓர் ஊரை அறியும் இந்த முறையை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதற்குத் தென்மேற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ள இராஜபாளையத்திலும் கைக்கொண்டால் அந்த நாள் எப்படி அமையும் என்பதை இக்குறிப்பு பொழுது பொழுதாகப் பதிவு செய்கிறது. ஆண்டாள் திருக்கல்யாணம் நடைபெறுவதும் பதநீர் இறங்குவதும் பங்குனியில் என்பதால், அம்மாதத்து நாள் ஒன்றே இதற்குப் பொருத்தமானது.

காலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணில் படுவது வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை இராஜகோபுரமாகும். ஏறத்தாழ 192 அடி உயரம் கொண்ட இதுவே தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரமாக மக்களால் அறியப்படுகிறது. கோபுரம் பெருமாள் சந்நிதிக்கு உரியது. அதை ஒட்டி ஆண்டாளுக்குத் தனிக் கோயிலும், பெரியாழ்வார் அவளைத் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்ததாகக் கூறப்படும் நந்தவனமும் உள்ளன.

காண்பவர் தவறவிடக் கூடாதது ஆண்டாளின் இடக்கையில் அமர்ந்திருக்கும் கிளி. மரவள்ளி இலைகளை அடுக்கி உடலும் சிறகும், மாதுளம்பூவால் அலகும், மூங்கில் குச்சியால் காலும் அமைத்து, வாழைநாரால் கட்டி உருவாக்கப்படும் இந்தக் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. ஒன்றை முடிக்கச் சில மணி நேரம் ஆகிறது. மறுநாள் வாடிவிடும் என்று தெரிந்தே இலை இலையாகத் தேர்ந்து செய்யும் இந்தக் கைவேலை, கல்லில் நிலைத்த கோபுரத்துக்குச் சற்றும் குறையாத மரபுச் செல்வமாகும்.

முற்பகல்

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வரிசையாக நிற்கும் பால்கோவாக் கடைகளில் பொட்டலம் வாங்கியதும் பேருந்து ஏறிவிடுவதே பெரும்பாலான பயணிகளின் வழக்கம். ஆனால் இந்தப் பண்டத்தின் சிறப்பு விளங்குமிடம் கடையின் முன்புறம் அன்று, பின்கட்டில் உள்ள அடுப்படியே.

அகன்ற இரும்பு வாணலியில் ஊற்றிய பாலோடு சர்க்கரையைச் சேர்த்து, அடிப்பிடிக்காதபடி ஓயாமல் கிளறிக்கொண்டே சுண்டக் காய்ச்சுவதுதான் செய்முறை. வேறு சேர்மானம் எதுவும் தேவையில்லை. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர் என்பதால், அதில் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறும் வரை கிளறுபவரின் கை நிற்க முடியாது. முதலில் நுரைத்துப் பொங்கும் பால், பிறகு கூழ் போல இறுகி, வாணலியின் ஓரத்தை விட்டு விலகித் திரண்டு வரும்போது, பாலின் புரதமும் பாற்சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் இளம்பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தோன்றுகின்றன. அந்தப் பக்குவத்தில் ஓரிரு நிமிடம் முந்தினால் கோவா நீர்த்துவிடும். பிந்தினால் கருகல் வாடை ஏறும். இளஞ்சூட்டில் எடுத்த கோவா நாவில் உடனே கரைவதையும், ஆறிய கோவா மெல்லிய மணல்போல் நெருடுவதையும் அடுத்தடுத்துச் சுவைத்து அறிவதே முறையான சுவைப்பாகும்.

அயர்லாந்து விஸ்கியிலும் அடிப்படை வேலை தண்ணீரிலிருந்து சாரத்தைப் பிரிப்பதே. முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமோ பிற தானியங்களையும் சேர்த்தோ ஊறவைத்துப் புளிக்கச் செய்து, பெரும்பாலும் மும்முறை வடித்து, மரப்பீப்பாயில் அத்தீவின் மண்ணிலேயே குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிரவைத்தால்தான் அப்பெயரை இட்டு விற்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு பொருளின் தரமும் புகழும் அது பிறந்த இடத்தோடு பிணைந்திருப்பதைச் சட்டப்படி ஏற்பதே புவிசார் குறியீடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அதை 2019-இல் பெற்றது. எனினும் அயர்லாந்தின் ஆலைகள் பல தம் கதவைத் திறந்துவைத்து, வடிகலத்தையும் பீப்பாயையும் காட்டி, விளக்கிச் சொல்லிய பிறகே சுவைக்கக் கொடுக்கின்றன. இங்கோ குறியீடு பொட்டலத்தின் மேல் இருக்கிறது. அதற்குக் காரணமான உழைப்பு பயணியின் பார்வைக்கு வருவதில்லை.

நண்பகல்

வெயில் ஏறும் வேளையில் சாலையோரத்தில் பதநீர் கிடைக்கிறது. பனையின் பாளையை நாள்தோறும் சீவிவிட்டு, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் வடிவது பதநீர். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் வடிந்தால் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்கச்செய்து கள்ளாக்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஏற்றம். வேறுபாடு சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே.

அந்தப் பூச்சின் பின்னால் நீண்ட சட்ட வரலாறு உண்டு. 1937-இல் இராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அவரை அடுத்து 1949 முதல் 1952 வரை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா. 1971-இல் விலக்கப்பட்டு, மீண்டும் வந்து, 1981-இல் தளர்ந்த தடை, 1987 முதல் கள்ளுக்கு நிலையாகிவிட்டது. ஆகவே பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரே இந்நிலத்தின் பானமாக முன்வைக்கத் தக்கது. அதைக் காய்ச்சினால் கிடைப்பது கருப்பட்டி.

பிற்பகல்

இராஜபாளையத்தின் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ள அய்யனார் கோயில் ஆறும், செண்பகத்தோப்புக் காடும், 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த வனப்பகுதியும் வெறும் சுற்றுலா இடங்கள் அல்ல. சமவெளியின் கிணறுகளுக்கும் கண்மாய்களுக்கும் நீர் தருவது இந்த மலைதான். அந்த நீரில் விளையும் தீவனமே மாட்டுக்கும், மாட்டின் பாலே வாணலிக்கும் செல்கின்றன. இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழமும் இதே அடிவாரத் தோப்புகளின் விளைச்சல். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தறிகளின் ஓசையைக் கேட்டபடி கடந்தால், இவ்வட்டாரம் கோயிலாலும் இனிப்பாலும் மட்டும் வாழ்வதன்று என்பது புலப்படும்.

மாலை

அயர்லாந்தில் பப் என்பது குடிப்பதற்கான இடம் மட்டுமன்று. செய்தி, இசை, வழக்கு, துக்கம் அனைத்தும் பகிரப்படும் ஊர்க்கூடம். அந்தப் பணியைத் தென்மாவட்டங்களில் தேநீர்க் கடை செய்துவருகிறது. நாளிதழை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மறுத்துப் பேச, தறியிலிருந்தும் ஆலையிலிருந்தும் திரும்புவோர் பெஞ்சில் அமரும் அந்த நேரத்தில், பயணி கேட்கத் தயாராக இருந்தால் ஊரே தன்னைப் பற்றிச் சொல்லும். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே அளித்து உருவாக்கிய காந்தி கலை மன்றமும், கூடுவதற்கு மது வேண்டியதில்லை என்ற நம்பிக்கை இவ்வூரில் வேரூன்றியதற்குச் சான்றாகும்.

இந்த நாளிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. சுவைக்கத் தக்கவையும் காணத் தக்கவையும் இவ்விரு ஊர்களிலும் நிறைந்துள்ளன. அவற்றை இணைத்துச் சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. கோவா காய்ச்சும் சில அடுப்படிகளையேனும் பயணிகள் நின்று பார்க்கும்படி அமைத்து, கிளறுபவரே பக்குவத்தை விளக்கவும், அதற்கு அவர் தனிக் கூலி பெறவும் வழி செய்தால், புவிசார் குறியீட்டின் பயன் கடைப் பெயர்ப் பலகையோடு நில்லாமல் உழைக்கும் கைக்கும் சென்று சேரும். பனையேறிகளுக்கும் கிளி செய்வோருக்கும் அதே மதிப்பு உரியது. அதை வழங்க வேண்டிய கடமை ஊருக்கும் அரசுக்கும் பயணிக்கும் பொதுவானது.