மூணாவது காலை வெட்டாதீங்க!

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் செய்கிறவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது என் அம்மாவின் கண்டுபிடிப்பு. கடையில் ஜம்மென்று கிடைப்பதை, இரண்டு மடங்கு செலவழித்து, விரலையும் சுட்டுக்கொண்டு செய்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால், நம் கையால் பற்றவைத்த டப்பாவில் இளையராஜாவின் பேஸ் கிடாரைக் கேட்கும்போது வரும் திமிர் இருக்கிறதே, அது எந்தக் கடையிலும் கிடைக்காது சார்!

எனக்கு சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. சத்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மாடி ரூம். எல்.ஏ.4440 ஐ.சி., 12-0-12 டிரான்ஸ்பார்மர், 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஒரு தகர டப்பா. எல்லாம் காந்திபுரத்தில் வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தாகிவிட்டது. லேப்டாப்பில் ஒயரைச் சொருகி ஆன் செய்தால்... 'ம்ம்ம்ம்ம்'. பாட்டுக்கு முன்னாடியே சுருதிப் பெட்டி!

இதற்குப் பெயர் ஹம்மிங். நம்ம ஊர் கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் ஸ்பீக்கரில் முனகுகிறது. அமெரிக்காவில் 60 தடவை. அங்கே கொஞ்சம் மேல் சுருதியில் முனகும், அவ்வளவுதான்.

ரூம்மேட் கட்டிங் பிளேயரோடு வந்தான். "சிம்பிள் மச்சி. ஆம்ப்ளிஃபையர் பிளக்குல பெரிய பின் ஒண்ணு இருக்குல்ல, அதைக் கட் பண்ணு. ஹம்மிங் க்ளோஸ்!"

கொடுமை என்னவென்றால், அப்படிச் செய்தால் நிஜமாகவே முனகல் நின்றுவிடும். அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை பிரபலம்.

அந்த நேரம் பார்த்து வாடகை கேட்க வந்தார் வீட்டு ஓனர் ஐயா. மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பிளேயரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங் தம்பி, பாட்டுக் கேக்கறக்கா, பாடை கட்டறக்கா?"

"ஹம்மிங் வருதுங்க ஐயா..."

"வரட்டுமே! அந்தப் பின்னு ஏன் நீளமா, தடியா இருக்குதுன்னு தெரியுமுங்களா? சொருகையில அது மொதல்ல போகோணும், புடுங்கையில கடைசியா வரோணும். மத்த ரெண்டு காலு கரண்டக் கொண்டாருது. மூணாவது காலு உசுரக் காப்பாத்துது."

விளக்கமும் அவரே சொன்னார். டிரான்ஸ்பார்மருக்குள் இன்சுலேஷன் என்றைக்காவது போனால் தகர டப்பா முழுக்க 230 வோல்ட். எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடி ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ட்ரிப்பர் விழும். எர்த் இல்லை என்றால் டப்பா சும்மா காத்துக்கொண்டிருக்கும், ஈரக்காலோடு வந்து தொடப்போகிற முதல் ஆளுக்காக. உயிர்காக்கும் ட்ரிப்பர் 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி வைத்திருக்கிறார்கள் என்றால், மனிதனுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் பாருங்கள்.

"எங்க பழைய கிரைண்டர்ல எர்த் ஒயரு அத்துப் போயிக் கெடந்துச்சுங்க. மாவு தள்ளையில எங்கூட்டு அம்மிணிய சுருக்குனு புடிச்சிருச்சு. தூக்கி வீசுனதால பொழச்சா" என்றார். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கின ஊர் இது. யோசித்துக்கொண்டே பிளேயரை டிராயருக்குள் போட்டேன்.

சரி, முனகலுக்கு என்ன வழி? முதலில் நோயாளியைப் பரிசோதித்தேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். நிசப்தம்! திரும்பச் சொருகினேன். 'ம்ம்ம்'. ஆக, ஐ.சி.யும் கண்டென்சரும் நிரபராதிகள். (சார்ஜர் இல்லாமலும் 'கொர்ர்ர்' என்று முரட்டுச் சத்தம் வந்தால், அது 100 சைக்கிள் சத்தம். அப்போது ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகப்படலாம்.)

விஷயம் இதுதான். சார்ஜருக்கு ஒரு சுவரில் எர்த். ஆம்ப்ளிஃபையருக்கு எதிர்ச் சுவரில் எர்த். நடுவில் ஆடியோ ஒயர் இரண்டையும் சேர்த்து வளையமாக்கிவிடுகிறது. நம் ஆபீஸில் ஒரே ஆளுக்கு இரண்டு மேனேஜர் மாதிரி! இருவருக்கும் இடையே இருக்கிற சின்ன வித்தியாசம், அதாவது ஓரிரு மில்லிவோல்ட், நடுவில் இருக்கிறவன் தலையில் இறங்குகிறது. அதை இந்த ஐ.சி. முன்னூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டுகிறது. முனகாமல் என்ன செய்யும்?

மருந்து மூன்று வேளை. ஒன்று, இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினேன். பாதி போச்சு. இரண்டு, டப்பாவுக்கு எர்த் நேரடியாக அப்படியே இருக்க, உள்ளே சிக்னல் கிரவுண்டை மட்டும் பத்து ஓம் ரெசிஸ்டர் வழியாக டப்பாவோடு சேர்த்தேன். அதற்கு இணையாக, எதிரெதிர் திசையில் இரண்டு டயோடு. மூன்று, கிரவுண்டு ஒயர்கள் அத்தனையும் ஒரே புள்ளியில். பெட்டியைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் ஆடியோ ஒயரின் நடுவில் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டாலே போதும்.

ஆன் செய்தேன். முனகல் போன இடம் தெரியவில்லை. மேலே ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உங்கள் வீட்டில் கால் ஒடிந்த பிளக் ஏதாவது இருக்கிறதா? மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். புது பிளக் மாற்றப் பத்து நிமிஷம் போதும். ஆம்ப்ளிஃபையர் முனகினால் பரவாயில்லை சார், வீட்டில் யாரும் முனகக் கூடாது!