நந்தனத்துப் பெருந்திடல்

நுழையும்முன்

கல்வி என்றதும் வகுப்பறை, கரும்பலகை, நூல், தேர்வு ஆகியனவே நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுத் திடலும் ஒரு வகுப்பறையே என்பதைத் தம் வாழ்நாள் பணியால் நிறுவிக் காட்டியவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். வெறுந்திடலைக் கல்விக்கூடமாக வளர்த்தெடுத்த அவரது முயற்சியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புத்தகமும் பந்தும்

சென்னை நந்தனத்தில் அண்ணா சாலைக்கும் அடையாற்றுக்கும் இடையே பரந்து கிடக்கிறது ஒய்.எம்.சி.ஏ. திடல். அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி நடைபெறும் இடமாகவே பலர் அதனை அறிவர். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவோர் கை நிறைய நூல்களுடன் திரும்புவர். தாம் நடந்து செல்லும் அம்மண்ணில்தான் இந்தியாவின் உடற்கல்வி வேர்விட்டு வளர்ந்தது என்பதை அவர்களுள் பலர் அறியார். அறிவுக்குத் திருவிழா எடுக்கும் அந்நிலம், முதலில் உடலுக்குக் கல்வி தந்த நிலம்.

அங்குள்ள உடற்கல்வியியல் கல்லூரியைத் தோற்றுவித்தவர் ஹாரி குரோ பக். 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த அவர், ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் உடற்கல்வி பயின்றவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பழக்கூடைகளைப் பொருத்திக் கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கியது அக்கல்லூரியில்தான். உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்வதே கல்வி என்பது அதன் கொள்கை. அக்கொள்கையையே மூலதனமாகக் கொண்டு பக் சென்னைக்கு வந்தார்.

அன்றைய நிலை

தமிழர்க்கு உடற்பயிற்சி புதியதன்று. கலித்தொகை ஏறுதழுவுதலை விரிவாகப் பாடுகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் கண்முன் நிறுத்துகிறார். ஊர்தோறும் சிலம்பமும் சடுகுடுவும் வாழ்ந்திருந்தன. ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான பள்ளிகளுக்குள் இவ்வளம் நுழையவில்லை. அங்கு உடற்கல்வி என்பது பெரும்பாலும் 'டிரில்' மட்டுமே. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் கட்டளையிடுவார். மாணவர் வரிசையில் நின்று கைகால்களை அசைப்பர். அவ்வாசிரியருக்குக் கற்பித்தலில் பயிற்சி இல்லை. ஏனைய ஆசிரியர்க்கு நிகரான மதிப்பும் இல்லை.

இக்குறையின் வேர் எங்குள்ளது என்பதைப் பக் சரியாகக் கண்டறிந்தார். திடல் இல்லை, கருவிகள் இல்லை, பணம் இல்லை என்பன உண்மைகளே. ஆனால், இவையனைத்தும் கிடைத்தாலும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் இல்லையெனில் பயன் என்ன? கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பதுபோல், விளையாட்டு வீரர்களை உருவாக்குமுன் ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என அவர் முடிவு செய்தார். 1920ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பிறந்தது.

சிறிய தொடக்கம்

விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரைக் கொண்டே அப்பள்ளி தொடங்கிற்று. உடற்கல்வி ஆசிரியர் எனும் வேலைக்கே மதிப்பில்லாத காலத்தில், அதற்கென ஓராண்டைச் செலவிட்டுப் படிக்க முன்வருவோர் எத்தனை பேர் இருப்பர்? எண்ணிக்கை சிறிது என்பதற்காகப் பக் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. உடற்கூறு, உடல் இயங்கியல், நலவாழ்வு, கற்பிக்கும் முறை ஆகியவற்றைத் திடல் பயிற்சியோடு இணைத்தார். மேலைநாட்டு விளையாட்டுகளோடு இந்திய விளையாட்டுகளுக்கும் இடமளித்தார். கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் சடுகுடுவை ஒதுக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு மண்ணில் புதிய மரத்தை நடுபவர், அங்கு முன்பே நிற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

பாரிசு கற்பித்த பாடம்

1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் அனைத்திந்தியப் போட்டிகள் நடைபெற்றன. அதே ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் பங்கேற்கும் இந்திய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதே அதன் நோக்கம். தொழிலதிபர் டோராப்ஜி டாட்டா இம்முயற்சிக்குத் துணைநின்றார். இந்தியத் தடகள அணிக்குப் பொறுப்பேற்றுப் பாரிசு சென்றவர் பக்.

தடகளத்தில் பதக்கம் எதுவும் கிட்டவில்லை. முறையான பயிற்சியோ பயிற்றுநரோ பெரிதும் வாய்க்காத நாட்டின் இளைஞர்கள், பல்லாண்டுப் பயிற்சி பெற்றோருடன் ஓடினர். திறமை பிறப்பால் வரலாம். அதனைத் தீட்டும் கல்லோ பள்ளியிலும் கல்லூரியிலும் இருத்தல் வேண்டும். பதக்கப் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு அது தோல்வி. ஆனால், அம்முயற்சி வீண்போகவில்லை. 1927ஆம் ஆண்டில் டோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. அதற்கு அடித்தளமிட்டோருள் பக்கும் ஒருவர்.

வளர்ச்சியின் படிநிலைகள்

ஒரு நிறுவனம் தலைவரின் புகழால் மட்டும் வளர்வதில்லை. அவர் இல்லாதபோதும் இயங்கும் ஒழுங்குகளால் வளர்கிறது. பக் அத்தகைய ஒழுங்குகளை ஒவ்வொன்றாக அமைத்தார். விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். ஊருக்கு ஒரு விதி என்றிருந்தால் ஓர் ஊரின் அணி மற்றோர் ஊரின் அணியோடு எங்ஙனம் மோத இயலும்? பொதுவிதி என்பது அச்சிட்ட தாளன்று. எளியவனும் வலியவனும் ஒரே கோட்டில் நின்று தொடங்கலாம் என்னும் உறுதிமொழி. அடுத்து, பயிற்சி முடித்துப் பல ஊர்களுக்குச் சென்ற ஆசிரியர்கள் தனித்துவிடாதிருக்க, 1929ஆம் ஆண்டில் 'வியாயாம்' என்னும் இதழைத் தொடங்கினார். சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் விளங்கினார்.

அடையாற்றங்கரையில் 60 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் கல்லூரிக்கு நிலையான வளாகம் அமைந்தது. ஓடுதளமும் ஆடுகளங்களும் நிழல் மரங்களும் அதில் எழுந்தன. பிற்காலத்தில் பெண்களுக்கும் அதன் கதவுகள் திறந்தன. 1943ஆம் ஆண்டு பக் மறைந்தார். இன்றும் இந்தியாவின் 'உடற்கல்வித் தந்தை' என அவர் போற்றப்படுகிறார். நடுவண் அரசு குவாலியரில் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1957ஆம் ஆண்டில்தான். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை அவ்வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையில் தோன்றியதையும் அந்நெடிய பயணத்தின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

வென்ற வினா, எஞ்சிய வினா

உடற்கல்வி ஆசிரியர் தேவையா என்னும் வினாவிற்குப் பக் விடை கண்டுவிட்டார். அவ்வாசிரியரின் பாடவேளை தேவையா என்னும் வினாவோ இன்னும் எஞ்சி நிற்கிறது. பொதுத்தேர்வு நெருங்கியதும் கால அட்டவணையில் முதலில் மறைவது விளையாட்டுப் பாடவேளைதான். "இன்று கணக்கு நடத்துகிறோம்" என்று ஓர் ஆசிரியர் உள்ளே வருவார். பந்தை எடுக்க எழுந்த மாணவர் மீண்டும் அமர்வர். கணக்கு வேளையை விளையாட்டுக்கு விட்டுக்கொடுத்த பள்ளியை யாரேனும் கண்டதுண்டா?

நகரம் நெருங்க நெருங்கத் திடல்கள் அருகி வருகின்றன. தியாகராய நகரின் சோமசுந்தரம் திடலில் மாலை வேளைகளில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடைபெறும். ஓர் அணியின் பந்து மற்றோர் அணியின் எல்லைக்குள் விழும். எடுத்து எறிந்துவிட்டு இருவரும் தத்தம் ஆட்டத்தைத் தொடர்வர். இடம் சிறிதாயினும் பகிர்ந்துகொள்ளும் பண்பு அங்கே தானாக வளர்கிறது. தோற்றபின் கைகுலுக்கவும், நடுவரின் தீர்ப்பை ஏற்கவும், தன்னினும் திறனுடையானுக்குப் பந்தைக் கடத்தவும் எந்த நூல் கற்பிக்கும்? பாப்பாவுக்கு அறிவுரை கூறத் தொடங்கிய பாரதியும் விளையாட்டைத்தானே முதலில் வைத்தார்!

விளையாடுவோர் அனைவரும் ஒலிம்பிக் செல்லப் போவதில்லை. பக் உருவாக்க விரும்பியதும் பதக்கம் வெல்லும் சிலரை மட்டுமன்று. ஒவ்வொரு பள்ளியிலும் வரிசையின் கடைசியில் தயங்கி நிற்கும் மாணவனையும் மாணவியையும் ஆட்டத்திற்குள் அழைத்துவரும் ஆசிரியரை. நந்தனத்துத் திடலில் அடுத்தமுறை நூல் வாங்கச் செல்லும் மாணவர், ஒரு கணம் நின்று தம் காலடி மண்ணை நோக்கட்டும். வாங்கிய நூலைப் படிக்க விழியும் மூளையும் வேண்டும். அவற்றைச் சுமந்து நிற்க நல்லுடலும் வேண்டும். அவ்வுடலுக்குரிய ஒரு பாடவேளையைக் காப்பது, அத்திடலை அமைத்தவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.