31,744 என்னும் முகவரி

பூட் செக்டர் எழுதப் பழகும் எவரும் தொடக்கத்திலேயே ஓர் எண்ணைச் சந்திக்கிறார்: 31,744. ஹெக்ஸில் 7சி00. கணினியை இயக்கியதும் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. பாடநூல்கள் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் 32,768 போல இரண்டின் அடுக்கான ஓர் எண்ணாக இல்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் இன்டெல் 8088 சிப்பின் ஆவணங்களைப் புரட்டினேன். நினைவகத்தின் முதல் 1,024 பைட்டை இன்டரப்ட் அட்டவணைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 31,744 பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் அது ஐபிஎம் வைத்த எண்.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசிக்கான தொழில்நுட்பக் கையேட்டில் பயாஸின் முழு அசெம்பிளி நிரலையும் அச்சிட்டிருந்தார்கள். படிப்பவர்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. அதில் எண் இருந்தது, காரணம் இல்லை.

காரணம் நினைவகத்தின் அளவில் இருந்தது. அந்த பிசி 16 கேபியோடும் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் இயங்குதளமான டாஸ் இயங்கக் குறைந்தது 32 கேபி வேண்டும் என்பதால், கணக்கை 32 கேபிக்கே போட்டார்கள். பயாஸை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் பிராட்லி பின்னாளில் இதை விளக்கியிருக்கிறார். அடிப்பகுதி அட்டவணைக்கும் பயாஸின் தரவுக்கும் போய்விட்டது. மிச்சமுள்ள இடம் துண்டுபடாமல் டாஸுக்குக் கிடைக்க வேண்டுமென்றால், கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பவரைப் போல பூட் நிரல் 32 கேபியின் மேல் விளிம்புக்குப் போக வேண்டும். அதற்கு 512 பைட், அதன் ஸ்டாக்குக்கும் தரவுக்கும் இன்னொரு 512. 32,768-இல் 1,024-ஐக் கழித்தால் 31,744.

அந்த 512 என்பது ஃப்ளாப்பியின் ஒரு செக்டர். டாஸ் கோப்புகளைத் தேடி ஏற்றுவதும், அவை இல்லையென்றால் பிழைச்செய்தி காட்டுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு ரெஜிஸ்டரைச் சுழியாக்க அதையே அதனோடு எக்ஸார் செய்தால் 2 பைட். நேராகச் சுழியை ஏற்றினால் 3. அந்த ஒரு பைட்டுக்காக முறையை மாற்றி எழுதுவார்கள். 1983-இல் ஐபிஎம் பிசி வரிசைக்கு ஹார்ட் டிஸ்க் வந்தபோது பார்ட்டிஷன் அட்டவணை 64 பைட்டையும் முடிவுக் குறி 2 பைட்டையும் எடுத்துக்கொள்ள, நிரலுக்கு மிஞ்சியது 446. அதற்குள் இன்னொரு வேலையும் உண்டு: அடுத்து ஏற்றப்படும் பார்ட்டிஷனின் பூட் செக்டருக்கும் 31,744-தான் வேண்டும் என்பதால், இந்த நிரல் தன்னைத்தானே வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டு வழிவிட வேண்டும்.

லினக்ஸின் பூட் லோடரான லைலோ (LILO) இந்த இடநெருக்கடியைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தை மட்டும் திரையில் இடும். எந்த எழுத்தோடு நின்றதோ, அதுவே பழுதின் இடத்தைச் சொல்லிவிடும்.

புதிய கணினிகள் பயாஸை விட்டு யுஇஎஃப்ஐ என்ற துவக்க முறைக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய பயாஸ் முறையில் துவங்கும் பிசி எதுவானாலும், அதில் 16 ஜிபி நினைவகமே இருந்தாலும், 32 கேபி இயந்திரத்துக்காகக் கணக்கிட்ட அதே 31,744-இல்தான் தன் முதல் செக்டரை வைக்கிறது.